மரப்பட்டையிலிருந்து மருந்துக் குப்பி வரை: யூ மரத்தின் மரபணுக்கள் நமக்குச் சொல்வது

மழைக்காலத்து நாள் ஒன்றில், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த அம்மையார் ஒருவர் தம் மகனுடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். வாரம் ஒருமுறை வீதம் பன்னிரண்டு வாரங்களுக்கு அவருக்குப் பாக்லிடாக்செல் என்னும் மருந்து திட்டமிடப்பட்டிருந்தது. நான்கு வாரங்கள் முறையாக வந்தவர், ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் வரவில்லை. காரணம் கேட்டபோது மகன் தம் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமீது வைத்தார். உள்ளே ஊசி போன்ற உலர்ந்த இலைகள் இருந்தன.

"ஐயா, நீங்கள் ஏற்றும் மருந்தும் ஒரு மரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்று படித்தேன். இது அந்த மரத்தின் இலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு முடி கொட்டிவிட்டது, கால்விரல்கள் மரத்துப்போகின்றன. இதையே கஷாயம் வைத்துக் கொடுத்தால், பக்கவிளைவு இல்லாமல் அதே பலன் கிடைக்காதா?"

அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. கேள்வியின் முற்பகுதி முழு உண்மை. பாக்லிடாக்செல் ஒரு மரம் உண்டாக்கிய பொருளே. பிற்பகுதிக்கு "கூடாது" என்று ஒரு சொல்லில் நான் விடை கூறிவிட்டேன். ஆயினும் ஏன் கூடாது என்பதை விளக்க அன்றைய கூட்டத்தில் நேரம் போதவில்லை. அவரைப் போன்றே வினவும் குடும்பத்தினர் பலர் இருப்பதால், அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன். அதற்கு அந்த மரத்தின் உயிரணுக்களுக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

காட்டின் நிழலில் வளர்ந்த மரம்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காடுகளில், பெருமரங்களின் நிழலில் மெல்ல வளரும் சிறிய மரம் பசிபிக் யூ. மரம் வெட்டுவோர் ஒருகாலத்தில் அதைப் பயனற்றதெனக் கழித்துத் தீயிட்டு வந்தனர். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலக் காடொன்றில் அம்மரத்தின் பட்டையையும் பிற பகுதிகளையும் சேகரித்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அப்போது ஆயிரக்கணக்கான தாவரங்களின் சாற்றைப் புற்று உயிரணுக்களின்மீது சோதித்து வந்தது. அச்சோதனையில் யூ மரப்பட்டையின் சாறு புற்று உயிரணுக்களைக் கொன்றது.

வட கரோலினாவைச் சேர்ந்த மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் வேதியியலாளர் இருவரும் அந்தச் சாற்றிலிருந்து செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் மூலக்கூற்று அமைப்பை 1971-இல் வெளியிட்டனர். 12 கிலோ உலர்ந்த பட்டையிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது அரை கிராம் மட்டுமே. 1979-இல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அறிவியலாளர், இப்பொருள் உயிரணுவினுள் எவ்வாறு செயல்படுகிறது என்பதைக் கண்டறிந்தார். 1992 டிசம்பரில் சினைப்பைப் புற்றுநோய்க்கும், 1994-இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் பாக்லிடாக்செல் இடம்பெற்றுள்ளது.

மருந்தைக் கண்டுபிடித்த பின்னரே பெரிய சிக்கல் தோன்றியது. பட்டையில் இப்பொருள் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே உள்ளது. ஒரு கிலோ மருந்துக்குச் சுமார் பத்து டன் பட்டை வேண்டும். பட்டையை முழுவதும் உரித்தால் மரம் பட்டுப்போகும். நம் மருத்துவமனையில் பன்னிரண்டு வாரச் சிகிச்சை பெறும் ஒருவருக்கு மொத்தம் ஒன்றரை கிராம் அளவுக்கு மருந்து செலவாகிறது. அக்கணக்கில் ஒருவருக்கே பதினைந்து கிலோ உலர்ந்த பட்டை தேவைப்படும். ஒரு நோயாளியைக் காக்க, நூறாண்டு வளர்ந்த மரங்கள் சிலவற்றை வீழ்த்த வேண்டும் என்னும் நிலை அன்று இருந்தது. இயற்கை ஆர்வலர்களுக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கும் இடையே கடும் வாதம் எழுந்தது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பசிபிக் யூ மரத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

மரம் ஏன் இவ்வளவு சிக்கனமாக இதை உண்டாக்குகிறது? அந்தக் கேள்விக்கான விடை மரபணுக்களில் உள்ளது.

இருபது படிகளில் ஒரு சமையல்

மரபணு என்பது ஒரு புரதத்தை ஆக்குவதற்கான குறிப்பு. அது உயிரணுவின் கருவில், டி.என்.ஏ. இழையில் எழுதப்பட்டிருக்கிறது. தேவைப்படும்போது அக்குறிப்பு ஆர்.என்.ஏ. என்னும் நகலாகப் படியெடுக்கப்படுகிறது. அந்நகலைப் பார்த்து உயிரணு புரதத்தைக் கட்டுகிறது. அவ்வாறு கட்டப்படும் புரதங்களுள் பல நொதிகள். ஒரு பொருளை மற்றொரு பொருளாக மாற்றுவது நொதியின் வேலை.

பாக்லிடாக்செலை உண்டாக்குமாறு கூறும் ஒற்றை மரபணு எதுவும் யூ மரத்தில் இல்லை. 47 கரி அணுக்களும் 51 நீரக அணுக்களும் 14 ஆக்சிஜன் அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த, மொத்தம் 113 அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது. அதைக் கட்டி முடிக்க ஏறத்தாழ இருபது படிகள் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணு.

முதற்பொருள் இருபது கரி அணுக்கள் கொண்ட ஒரு நீண்ட சங்கிலி. எல்லாத் தாவரங்களிலும் உள்ள சாதாரணப் பொருள்தான் அது. பச்சையத்தின் வால்பகுதியும், இலைகளின் மஞ்சள் நிறமிகளும், செடியை உயர வளர்க்கும் ஒரு வகை வளர்ச்சி இயக்குநீரும் அதிலிருந்தே உண்டாகின்றன. யூ மரத்தில் மட்டும் ஒரு சிறப்பு நொதி அச்சங்கிலியை மடித்து, மூன்று வளையங்கள் கொண்ட டாக்சாடையீன் என்னும் சட்டகமாக்குகிறது. இந்நொதியின் மரபணுவை வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் குழுவினர் 1996-இல் தனியே பிரித்தெடுத்தனர்.

அடுத்து, சைட்டோகுரோம் பி450 என்னும் குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் அச்சட்டகத்தில் ஆக்சிஜனை ஒவ்வோர் இடமாகப் பொருத்துகின்றன. வாசகர்கள் இக்குடும்பத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதியில், நம் கல்லீரலில் இதை மீண்டும் சந்திக்கப் போகிறோம். இறுதியில், நம் உணவுப் புரதங்களிலும் உள்ள ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஆக்கப்பட்ட ஒரு பக்கச்சங்கிலி வந்து இணைகிறது. அந்தப் பக்கச்சங்கிலி இல்லையெனில் மருந்தின் ஆற்றலும் பெரும்பாலும் இல்லை.

ஒரு படி தவறினாலும், சட்டகம் வேறொரு பொருளாகத் திசைமாறிவிடும். அதனால்தான் யூ மரத்தில் பாக்லிடாக்செலுக்கு உறவான பொருள்கள் நூற்றுக்கணக்கில் காணப்படுகின்றன. அவற்றுட் சில மருந்து, சில பயனற்றவை, சில கொடிய நஞ்சு.

எங்கே, எப்போது, எவ்வளவு

இந்த மரபணுக்கள் மரத்தின் எல்லா உயிரணுக்களிலும் உள்ளன. ஆனால் எல்லா உயிரணுக்களும் மருந்தை ஆக்குவதில்லை. நம் உடலிலும் நிலை இதுவே. இன்சுலினுக்கான மரபணு நம் தோலிலும் கண்ணிலும் இருக்கிறது. ஆயினும் இன்சுலினைச் சுரப்பவை கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் மட்டுமே. மரபணு இருப்பது வேறு. அது விழித்துச் செயல்படுவது வேறு. எங்கே, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிப்பதையே மரபணுக் கட்டுப்பாடு என்கிறோம்.

மரத்துக்கு இக்கட்டுப்பாடு ஏன் தேவை? பூச்சி அரிப்பு, பூஞ்சைத் தாக்குதல் போன்ற இன்னல்களிலிருந்து காத்துக்கொள்வதற்காகவே தாவரங்கள் இத்தகைய பொருள்களை ஆக்குகின்றன. ஆனால் முதற்பொருளை முழுவதும் பாதுகாப்புக்கே செலவிட்டால், பச்சையத்துக்கும் வளர்ச்சிக்கும் பொருள் குறையும். வருமானம் முழுவதையும் மதிற்சுவர் கட்டவே செலவழித்தால் அடுப்பெரியாது. ஆகவே இயல்பான நாள்களில் மரம் அந்த மரபணுக்களை அடக்கி வைக்கிறது. ஆபத்து வரும்போது அவிழ்த்து விடுகிறது.

அந்த ஆபத்துச் செய்தியைச் சுமந்து செல்லும் பொருளின் பெயரில் நமக்கு நெருக்கமான மணம் ஒன்று உண்டு. 1962-ஆம் ஆண்டு, பார்க்லே யூ மரப்பட்டையைச் சேகரித்த அதே ஆண்டில், பிச்சிப்பூவின் நறுமண எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. ஜாதிமல்லி என்றும் நாம் அழைக்கும் அந்தப் பூ வாசனைத் தொழிலுக்கு வேண்டியது. மணப்பொருளாக அறிமுகமான ஜாஸ்மோனேட், தாவரங்களின் அபாயச் செய்தியாளர் என்பது பின்னரே தெரிந்தது. இலையைப் பூச்சி கடித்தாலோ பட்டையில் காயம் பட்டாலோ, தாவரம் ஜாஸ்மோனேட்டை உண்டாக்குகிறது.

அதன் செயல்முறையைச் சுருக்கமாகக் கூறலாம். தற்காப்பு மரபணுக்களைப் படியெடுக்குமாறு தூண்டுவதற்கு மிக்-2 என்னும் புரதம் உள்ளது. அமைதியான காலத்தில் ஜாஸ் என்னும் மற்றொரு புரதம் மிக்-2 இன்மீது ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஜாஸ்மோனேட் பெருகியவுடன், உயிரணு ஜாஸ் புரதத்தைச் சிதைத்து விடுகிறது. கட்டு அவிழ்ந்த மிக்-2, மரபணுக்களின் முகப்பில் உள்ள விசைப்பகுதியில் சென்று அமர்கிறது. படியெடுத்தல் தொடங்குகிறது, நொதிகள் பெருகுகின்றன, மருந்துப் பொருள் திரள்கிறது. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யூ மர உயிரணுக்களை வளர்க்கும் திரவத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட்டைச் சேர்த்தபோது, பாக்லிடாக்செலின் அளவு பன்மடங்கு உயர்ந்தது. அதே வேளையில் உயிரணுக்களின் வளர்ச்சி மந்தமானது. பாதுகாப்புக்கும் வளர்ச்சிக்கும் இடையே மரம் செய்துகொள்ளும் பங்கீட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2021-இல் சீன ஆய்வாளர்கள் யூ இனம் ஒன்றின் மரபணுத்தொகையை வெளியிட்டனர். அது சுமார் 1,000 கோடி எழுத்துகள் கொண்டது. மனித மரபணுத்தொகையைப்போல் மும்மடங்குக்கும் மேல். பாக்லிடாக்செல் ஆக்கத்தில் பங்குபெறும் மரபணுக்களுள் பல, ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் கூட்டமாக அமைந்திருப்பதை அவர்கள் கண்டனர்.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. யூ மரத்தில் உள்ள மருந்தின் அளவு நிலையானதன்று. இனத்துக்கு இனம், மரத்துக்கு மரம், பட்டைக்கும் இலைக்கும், பருவத்துக்குப் பருவம், மரம் பட்ட இன்னலுக்கேற்ப அது மாறும். இலையைக் கண்ணால் பார்த்தோ கையில் எடுத்து நிறுத்தோ அதனுள் எவ்வளவு மருந்து உள்ளது என்று எவராலும் கூற இயலாது.

மரத்தை வீழ்த்தாமல் மருந்து

நம் நோயாளிகள் இன்று பெறும் மருந்துக்காகக் காட்டு மரங்களின் பட்டை உரிக்கப்படுவதில்லை. ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில், பக்கச்சங்கிலி இல்லாத ஓர் இடைநிலைப் பொருள் கிலோவுக்கு ஒரு கிராம் வரை கிடைக்கிறது. இலைகளைக் கத்தரித்தால் அவை மீண்டும் துளிர்க்கும், மரம் சாவதில்லை. பிரான்சில் பியேர் பொத்தியேவும் அவருடைய கூட்டாளிகளும், அந்த இடைநிலைப் பொருளோடு பக்கச்சங்கிலியை ஆய்வகத்தில் இணைக்கும் வழியை 1988-இல் காட்டினர். மரம் கடினமான படிகளை முடித்துத் தர, வேதியியலாளர் இறுதிப் படியை முடிக்கிறார். டோசிடாக்செல் என்னும் உறவு மருந்தும் அக்குழுவினரின் முயற்சியில் பிறந்ததே.

மற்றொரு வழி, யூ மர உயிரணுக்களைப் பெரிய கலன்களில் திரவத்தில் வளர்ப்பது. முதலில் உயிரணுக்களைப் பெருக விட்டு, பின்னர் ஜாஸ்மோனேட் போன்ற தூண்டுபொருளைச் சேர்த்து மருந்தாக்கத்துக்குத் திருப்பலாம். இலையோ பட்டையோ தேவையில்லாத இம்முறை, 2004-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது.

மூன்றாவது வழி இப்போதுதான் துலங்கி வருகிறது. மரபணுக்களை வேறோர் உயிருக்கு மாற்றி, அதனைக்கொண்டு மருந்தை ஆக்குவதே அது. 2010-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர்கள், ஈ.கோலை நுண்ணுயிரைக்கொண்டு லிட்டருக்கு ஒரு கிராம் வரை டாக்சாடையீன் சட்டகத்தை ஆக்கிக் காட்டினர். அதற்கு அப்பாலுள்ள படிகளில் சில மரபணுக்கள் அகப்படாமலேயே இருந்தன. 2024-இல் சீனக் குழுவொன்று விடுபட்டிருந்த நொதிகளைக் கண்டறிந்து, புகையிலைச் செடியின் இலையில் பேக்கடின்-3 என்னும் முக்கிய இடைநிலைப் பொருளை உண்டாக்கியது. 2025-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர் யூ மர ஊசியிலைகளுக்குப் பலவகை இன்னல்களையும் தூண்டுதல்களையும் கொடுத்து, ஒவ்வோர் உயிரணுக் கருவிலும் எந்தெந்த மரபணுக்கள் ஒன்றாக விழிக்கின்றன என்று பார்த்தனர். ஒரே வேலைக்கானவை ஒரே நேரத்தில் விழிக்கும் என்பது அவர்களின் ஊகம். அவ்வழியில் புதிய மரபணுக்கள் சில அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, முதல் ஆக்சிஜனேற்றப் படியில் வீண்பொருள்கள் உண்டாகாமல் தடுக்கும் துணைப்புரதத்துக்கு உரியது. மரபணுக் கட்டுப்பாட்டைப் படித்தறிந்தமையே அக்கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது.

நம் உடலினுள் நடப்பது

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நுண்குழாய்கள் என்னும் மெல்லிய குழல்கள் தோன்றி, நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துப் பங்கிடுகின்றன. அவை தேவைக்கேற்பக் கூடியும் கலைந்தும் இயங்க வேண்டும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிரிஸ்டின் மருந்து, அக்குழல்களைக் கூடவிடாமல் தடுக்கிறது. பாக்லிடாக்செல் அதற்கு நேர்மாறாக, கூடிய குழல்களைக் கலையவிடாமல் உறையச் செய்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றே. பிரிந்து பெருக முயலும் புற்று உயிரணு, பாதி வழியில் சிக்கி மடிகிறது.

பக்கவிளைவுகளுக்கும் காரணம் இதுவே. முடியின் வேரில் உள்ள உயிரணுக்களும், எலும்பு மச்சையில் வெள்ளணுக்களை ஆக்கும் உயிரணுக்களும் விரைந்து பெருகுபவை. ஆகவே அவையும் பாதிக்கப்படுகின்றன. நரம்பிழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் போல் நீண்டு, ஊட்டப்பொருள்களைக் கடைக்கோடி வரை கொண்டு செல்கின்றன. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். மிக நீண்ட வழி முதலில் தடைப்படுவதால்தான் கால்விரல்கள் முதலில் மரத்துப்போகின்றன.

இம்மருந்து நீரில் கரையாது. அதனால் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய ஒரு கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்துக் குப்பியில் அடைக்கிறார்கள். சிலருக்கு அந்தக் கரைப்பானாலேயே ஒவ்வாமை தோன்றும். ஏற்றுவதற்கு முன்பு டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் கொடுப்பது அதற்காகத்தான். சிறப்புக் குழாயும் வடிகட்டியும் பயன்படுத்துவதற்கும் காரணம் உண்டு. அந்தக் கரைப்பான் சாதாரணப் பிளாஸ்டிக் குழாயிலுள்ள வேதிப்பொருளை இளக்கி எடுத்துவிடும்.

மருந்தின் வேலை முடிந்தபின் கல்லீரல் அதை மாற்றி வெளியேற்றுகிறது. அங்கே இதைக் கையாளுபவை சைட்டோகுரோம் பி450 குடும்பத்து நொதிகளே. மரத்தில் ஆக்சிஜனைப் பொருத்தி மருந்தை உருவாக்கிய குடும்பத்தின் உறவினர்கள், நம் கல்லீரலில் மேலும் ஓர் ஆக்சிஜனைப் பொருத்தி அதன் வலிமையைக் குறைக்கின்றனர். இந்நொதிகளுக்கும் மரபணுக்கள் உண்டு. அவையும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் அம்மரபணுக்களைத் தூண்டி, மருந்தை விரைவில் வெளியேற்றச் செய்துவிடும். இதய நோயாளிகள் உட்கொள்ளும் குளோபிடோகிரெல் ஒரு நொதியைத் தடுத்து, மருந்தை உடலில் தேங்கச் செய்துவிடும். மூலிகைப் பொருள்கள் பலவும் இவ்விரு வழிகளில் ஒன்றில் குறுக்கிட வல்லவை.

பொட்டலத்துக்கு விடை

இனி அந்த மகனின் கேள்விக்கு வருவோம். இலையைக் கொதிக்க வைத்தால், நீரில் கரையாத பாக்லிடாக்செல் கஷாயத்தில் மிகக் குறைவாகவே இறங்கும். இறங்கியதையும் குடல் பெரும்பாலும் திருப்பித் தள்ளிவிடும். குடற்சுவரில் உள்ள ஒரு புரதம் இம்மருந்தை வெளியே இறைத்துவிடுவதால்தான் இதை நரம்பு வழியே ஏற்றுகிறோம்.

யூ இலையில் டாக்சின் என்னும் நஞ்சும் உள்ளது. பாக்லிடாக்செலை ஆக்கும் அதே வகைச் சட்டகத்திலிருந்து பிறந்தது அது. இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும் இந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. யூ இலைகளைக் கொதிக்க வைத்துக் குடித்து உயிரிழந்தவர்களின் நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கனியின் விதையைச் சுற்றியுள்ள சிவந்த சதை நீங்கலாக, மரத்தின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை.

பெயர்க் குழப்பமும் உண்டு. இமயமலைச் சாரலில் வளரும் யூ மரத்தின் இலைகள், தாளிசபத்திரி என்னும் பெயரில் விற்கப்படுவது உண்டு. அதே பெயரில் ஏபிஸ் என்னும் முற்றிலும் வேறான மரத்தின் இலைகளும் விற்கப்படுகின்றன. உலர்ந்து உதிர்ந்தபின் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. அன்று என் மேசைமீது இருந்தது எந்த மரத்தின் இலை என்று என்னால் கூற முடியவில்லை. அவருக்குக் கொடுத்தவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சித்த மருத்துவத்தையோ பிற மரபு மருத்துவ முறைகளையோ குறை கூறுவது என் நோக்கமன்று. தகுதி பெற்ற சித்த மருத்துவரும் மருந்தின் இனம், தூய்மை, அளவு ஆகியவற்றை வலியுறுத்தவே செய்வார். மேசைமீது இருந்த பொட்டலத்தில் இம்மூன்றும் இல்லை. மருத்துவமனையில் ஏற்றும் குப்பியிலோ இத்தனை மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியின் உயரம், எடை ஆகியவற்றிலிருந்து உடற்பரப்பைக் கணக்கிட்டு, இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சோதித்து அளவைத் தீர்மானிக்கிறோம். பக்கவிளைவு மிகுந்தால் குறைக்கிறோம். குறைப்பதற்கும் முதலில் அளவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பாக்லிடாக்செல் பெறுவோர் கவனத்துக்கு

• காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால், இரவானாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வரவும். வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் கிருமித் தொற்று விரைவில் பரவும்.

• மருந்து ஏறும்போது மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், முகம் சிவத்தல், அரிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் செவிலியரை உடனே அழைக்கவும். பெரும்பாலும் முதல் இரண்டு தவணைகளில், தொடங்கிய சில நிமிடங்களில் இவை தோன்றும்.

• கைகால் மரமரப்பு, எரிச்சல், பொத்தான் மாட்டுவதில் தடுமாற்றம், செருப்பு கழன்று விழுவது தெரியாமை ஆகியவற்றை மறைக்காமல் கூறவும். கூறினால் மருந்து நின்றுவிடும் என்று அஞ்சிப் பலர் மறைக்கின்றனர். தொடக்கத்திலேயே தெரிந்தால் அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ சிகிச்சையைத் தொடர இயலும்.

• கால் மரத்திருக்கும் காலத்தில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்கவும்.

• சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டினால் சர்க்கரை ஏறும். ஏற்றிய நாளும் மறுநாளும் சோதித்துக்கொள்ளவும்.

• உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், சூரணம், லேகியம், கஷாயம் உட்பட, வரும்போது கையோடு கொண்டுவந்து காட்டவும். குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். எங்களிடம் கூறினால் போதும்.

அந்த அம்மையார் ஏழாம் வாரத்திலிருந்து மீண்டும் வரத் தொடங்கினார். மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்தோம். எஞ்சிய தவணைகளை முடித்துக்கொண்டு அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டார். இடக்கால் விரல்களில் மரமரப்பு இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. கோலம் போடக் குனியும்போது தடுமாறுவதாகக் கூறுகிறார். அதற்கான பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்பித்து வருகிறார்.

கடந்த முறை வந்தபோது, "அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டியது நல்லதாய்ப் போயிற்று" என்றார் மகன். உண்மைதான். அவர் அதை என்னிடம் காட்டாமல் வீட்டிலேயே அடுப்பில் ஏற்றியிருக்கக்கூடும். ஆகவே உங்கள் வீட்டிலும் அத்தகைய பொட்டலம் ஒன்று இருந்தால், தயங்காமல் கொண்டுவாருங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். உட்கார்ந்து பேசுவோம்.